நாற்காலிக்கும் மரக்கிளைக்கும் நடுவே திபெத்

அமெரிக்க நகராட்சிகளில் சிட்டி ஹால் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, பெருமையும் வருகிறது. எடிசன் பக்கம் ஒருத்தர், பிளானோ பக்கம் இரண்டு பேர், இங்கே பே ஏரியாவில் நாலு பேர் என்று கேள்விப்பட்டேன். என் காலத்தில் தமிழ்க் கல்யாணத்துக்குப் போனால் முதல் கேள்வியே "எந்த கம்பெனி?" என்பதுதான். "சிட்டி கிளார்க் ஆபீஸ்" என்று சொன்னால், ஏதோ உடம்புக்கு முடியாதவளைப் பார்ப்பது மாதிரி பார்ப்பார்கள். ஒரு ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலைப்படாதேம்மா, ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் பண்ணு, மூணு மாசத்துல இதுலேர்ந்து வெளிய வந்துடலாம்" என்றார். நான் வெளியே வரவில்லை. ரிட்டயர் ஆகும்வரை அங்கேயே குப்பை கொட்டினேன், சந்தோஷமாகவே கொட்டினேன்.

"ஏதாவது அட்வைஸ் எழுதுங்க ஆன்ட்டி" என்று கேட்டிருக்கிறீர்கள். அட்வைஸ் என்னிடம் அதிகம் இல்லை, தப்புகள் நிறைய இருக்கின்றன. அதில் பெரியதை எடுத்துச் சொல்கிறேன். நோட்டீஸ் எப்படி ஒட்டுவது, ரெக்கார்டு எப்படி வைப்பது என்பதையெல்லாம் உங்களுக்கு டிரெய்னிங்கில் கொட்டிக் கொடுப்பார்கள். இதைச் சொல்லித் தர மாட்டார்கள், ஏனென்றால் விதிப்படி பார்த்தால் நான் தப்பே செய்யவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. இந்த பே ஏரியா விரிகுடாவின் கிழக்குக் கரையில் ஒரு சின்ன நகரம். பெயர் வேண்டாம், இன்னும் அங்கே பலர் இருக்கிறார்கள். ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஐந்து பேர்தான் கவுன்சில். கூட்டத்தில் எதைப் பற்றிப் பேசலாம் என்று பட்டியல் தயாரிப்பது கிளார்க் ஆபீஸ். பேசியதை மினிட்ஸாக எழுதி வைப்பதும் நாங்கள்தான். நடுவில் வாயைத் திறக்கக் கூடாது. கல்யாணமாகி வந்த புதிதில் என் மாமியார் எனக்கு வைத்திருந்த சட்டமும் கிட்டத்தட்ட இதேதான் என்பதால் எனக்குக் கஷ்டமாக இல்லை.

ஒரு நாள் கவுன்டரில் உட்கார்ந்து என் வீட்டுக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். "ரசத்துக்குப் புளி ஊற வெச்சிருங்க, நான் வந்து தாளிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தால், எதிரே ஒரு பெண் நிற்கிறார். என் வயதுதான் இருக்கும், பார்த்தால் நேபாளமோ பூட்டானோ என்று தோன்றும் முகம். கையில் ஒரு கவர். என்னையே பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அக்கா, கோயமுத்தூருங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பொள்ளாச்சிங்க. நீங்க?"

"நாங்க திபெத்துங்க. ஆனா வருஷா வருஷம் கார்த்திகையிலிருந்து தை வரைக்கும் காந்திபுரந்தானுங்க. ஸ்வெட்டர் யாவாரம்."

அவர் பெயர் பெமா. கர்நாடகத்தில் திபெத்திய அகதிகளுக்கு ஒதுக்கிய குடியிருப்பில் வளர்ந்தவர். குளிர்காலம் வந்தால் குடும்பத்தோடு கோயம்புத்தூருக்கு வந்து நடைபாதையில் ஸ்வெட்டரும் மஃப்ளரும் விற்றிருக்கிறார். மார்கழியில் லேசாகக் காற்று அடித்தாலே காதைப் பொத்திக்கொண்டு மஃப்ளர் சுற்றும் ஊர் எங்கள் ஊர். இவர்களுக்குப் பிழைப்பு நடந்ததில் ஆச்சரியமில்லை. எண்கள், நிறங்கள், பேரம், கோபித்துக்கொண்டு போகிறவரைத் திரும்பக் கூப்பிடுவது, எல்லாம் சுத்தமான கொங்குத் தமிழில் வந்தது. அமெரிக்கா திபெத்தியர்கள் கொஞ்சம் பேருக்கு விசா கொடுத்தபோது அதில் ஒருவராக வந்து, எங்கள் ஊரில் ஒரு ஹோட்டல் சலவைப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

கவரில் இருந்தது ஒரு கோரிக்கை. மார்ச் பத்தாம் தேதி திபெத்தியர்களுக்கு முக்கியமான நாள், சீன ஆட்சியை எதிர்த்து அவர்கள் கிளர்ந்தெழுந்த நாள். அன்று ஒரே ஒரு நாள் சிட்டி ஹால் வாசலில் திபெத்தியக் கொடி பறக்க வேண்டும். திபெத்தியர்களின் மனித உரிமைக்கும், தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே தீர்மானித்துக்கொள்ளும் உரிமைக்கும் ஆதரவாக நகர கவுன்சில் ஒரு தீர்மானம் போட வேண்டும். அந்த வருஷங்களில் வேறு சில ஊர்களிலும் இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கவரை வாங்கி முத்திரை குத்தினேன். "கவுன்சில் கூட்டத்துல நாங்க பேசலாமுங்களா?" என்றார். ஆளுக்கு மூன்று நிமிஷம் பேசலாம் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

அடுத்த வாரமே என் மேலதிகாரி, அதாவது சிட்டி கிளார்க், இடுப்பு ஆபரேஷனுக்காக நீண்ட லீவில் போனார். போகும்போது என்னைக் கூப்பிட்டு, "நான் வரும்வரை என் இடத்தில் நீதான் ஆக்டிங். எதையும் உடைக்காமல் வைத்திரு" என்றார். அவர் வருவதற்குள் நான் உடைத்தது இதைத்தான்.

பெமா தினம் ஒரு தடவை போன் செய்வார். ஐந்து பேர் பேசப் போகிறோம், சமையலறை டைமரை வைத்துப் பயிற்சி செய்கிறோம், எனக்கு மூன்று நிமிஷம் இருபது விநாடி ஆகிறது, எதை வெட்டுவது என்றே தெரியவில்லை என்பார். நாய்களை உலாவ விடும் நாய்ப் பூங்கா பஞ்சாயத்து முதலில் வரும், அது ஒரு மணி நேரம் இழுக்கும், அதனால் நீங்கள் எட்டு மணிக்கு வந்தால் போதும் என்று நானே சொல்லிவைத்தேன்.

அதன் பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. கவுன்சிலில் ஒருவர் டைல்ஸ் வியாபாரி. சீனாவிலிருந்துதான் சரக்கு வரும். நல்ல மனுஷன், ஒவ்வொரு கூட்டத்துக்கும் எங்களுக்கு டோனட் வாங்கி வருவார். அவர் காரிடாரில் என்னிடம், "அந்தத் திபெத் விஷயம் பேச்சுக்கு வந்தால் நான் எதிர்க்க வேண்டியிருக்கும்" என்றார். அவருக்குப் பக்கத்து சீட்காரர் இவர் எப்படியோ அப்படி. மூன்றாவதாக ஒருவர் இருந்தார், கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்பவர். மேயரும் லைப்ரரிக் கமிட்டி அம்மாவும் ஆதரவு. நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மூன்றுக்கு இரண்டாக ஜெயிக்கலாம், மூன்றுக்கு இரண்டாகத் தோற்கவும் செய்யலாம். காந்திபுரத்திலிருந்து வந்த என் பெமா தோற்பதை நான் உட்கார்ந்து மினிட்ஸ் எழுத வேண்டுமா?

அப்போதுதான் என் மூளை ரொம்பச் சாமர்த்தியமாக வேலை செய்தது. கன்சென்ட் பட்டியல் என்று ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியும். யாருக்கும் ஆட்சேபம் இல்லாத சில்லறை விஷயங்களையெல்லாம் ஒன்றாகக் கட்டி, விவாதம் இல்லாமல் ஒரே ஓட்டில் நிறைவேற்றுவது. லைப்ரரிக்கு நாற்பது நாற்காலி வாங்குவது ஆறாவது. மரக்கிளை வெட்டும் கான்ட்ராக்ட் எட்டாவது. நான் திபெத்தை ஏழாவதாகச் செருகினேன். மேயர் நாய்ப் பூங்கா கவலையில் இருந்தார், பட்டியலைப் புரட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். முறைப்படி மூன்று நாள் முன்னால் வாசலில் ஒட்டினேன். யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம். யாரும் படிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

பெமாவுக்கு நான் சொல்லவில்லை. மறதி இல்லை. வந்ததும் நல்ல சேதியைக் கையில் கொடுக்கலாம் என்று ஆசைப்பட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கூட்டம் ஏழு மணிக்குத் தொடங்கியது. ஏழு ஆறுக்கு மேயர் கன்சென்ட் பட்டியலை எடுத்தார். "ஆட்சேபம்?" இல்லை. "ஆதரவு?" ஐந்து கைகள். டைல்ஸ்காரர் டோனட்டைக் கடித்துக்கொண்டே கை தூக்கினார். நாற்காலி, திபெத், மரக்கிளை மூன்றும் பாஸ். நான் மேஜைக்கு அடியில் ஒரு கையால் இன்னொரு கையைக் குலுக்கிக்கொண்டேன்.

பிறகு நாய்ப் பூங்கா. சங்கிலி போட வேண்டுமா, கூடாதா என்று ஒருவரை ஒருவர் கடிக்காத குறையாகக் கத்தினார்கள். மேயர் சுத்தியலைத் தட்டி, "பதினைந்து நிமிஷம் இடைவேளை, எல்லோரும் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்" என்றார். மணி ஏழு நாற்பது.

நான் காரிடாருக்கு ஓடினேன். அங்கே பெமா. கூடவே பதினேழு பேர். பெண்கள் நீளமான பாரம்பரிய அங்கி, முன்னால் கோடு கோடாக ஏப்ரன். ஆண்கள் கோட்டு. தூக்கிச் செல்லும் தொட்டிலில் ஒரு குழந்தை. பாதிப் பேர் அரை நாள் லீவு போட்டு, விரிகுடாப் பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். பேசப் போகிற ஐந்து பேர் கையிலும் மடித்த காகிதம்.

"பெமா, முடிஞ்சிருச்சு! அஞ்சுக்கு அஞ்சு, பாஸ் ஆயிருச்சு!"

பெமா சிரிக்கவில்லை. "எப்பங்க்கா?"

"ஏழு மணிக்கே."

"நீங்க எட்டு மணிக்கு வரச் சொன்னீங்களே."

பெமாவே அடுத்ததைக் கேட்டார்.

"எங்களப் பத்தி என்ன பேசினாங்க?"

"யாரும் பேசல பெமா. லிஸ்ட்ல மத்ததோட சேத்து ஒண்ணா பாஸ் பண்ணிட்டாங்க. சீனாவோட வியாபாரம் பண்ற டைல்ஸ்காரர் ஒருத்தர் இருக்காரு, பேசினா எதிர்ப்பாருன்னுதான் நான் அப்படிப் போட்டேன்."

"மத்ததுன்னா?"

"லைப்ரரி நாற்காலி. மரக்கிளை வெட்டற கான்ட்ராக்ட்."

"எத்தனை நாற்காலிங்க்கா?"

"நாப்பது."

அவர் திரும்பித் தன் ஆட்களிடம் திபெத்திய மொழியில் சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனால் நாற்காலி வந்த இடம் புரிந்தது, ஒருவர் சிரித்தார். அது நல்ல சிரிப்பில்லை. காகிதம் வைத்திருந்த ஒரு பெண் அதை இன்னும் சின்னதாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"உங்க நல்லதுக்குத்தான் பண்ணினேன்" என்றேன்.

"தெரியுமுங்க்கா" என்றார் பெமா. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு நிமிஷம் பாக்கி இருந்தது. அவருக்கு மூன்று வழி இருப்பதைச் சொன்னேன். ஒன்று, பாஸ் ஆன தீர்மானத்தை எடுத்துக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம். இரண்டு, கூட்டத்தின் கடைசியில் யாரும் எதையும் பேசலாம் என்று ஒரு நேரம் உண்டு, அதில் பேசலாம், ஆனால் ஓட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மூன்று, ஓட்டுப் போட்ட ஐந்து பேரில் யாராவது ஒருவர் மறுபரிசீலனை கேட்டால், முதலிலிருந்து பேசி மறுபடி ஓட்டெடுக்கலாம். அதில் தோற்றால் கையில் இருப்பதும் போய்விடும். கொடியும் கிடையாது, தீர்மானமும் கிடையாது.

பெமாவுக்குள் இருந்த ஸ்வெட்டர் வியாபாரி பேசினார்.

"அக்கா, காந்திபுரத்துல சில பேர் வருவாங்க. பிரிச்சுப் பாக்க மாட்டாங்க, வெல கேக்க மாட்டாங்க, குடுத்தத வாங்கிட்டுப் போயிருவாங்க. மக்யா நாளே திருப்பிக் கொண்டாந்து நிப்பாங்க, சைசு பத்தல, நெறம் புடிக்கலன்னு. நல்லா இழுத்துப் பாத்து, சண்ட போட்டு வாங்கினவங்க ஒருத்தர்கூடத் திருப்பினதில்லீங்க. இவங்க எங்களப் பிரிச்சே பாக்கலையே. நாளைக்கு அந்த டைல்சுக்காரர் பேப்பர்ல படிச்சுட்டு, எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டா?"

நான் இதை யோசிக்கவே இல்லை. அடுத்த கூட்டத்திலேயே அவர் ரத்து செய்யச் சொல்லலாம். அப்போது யார் முகத்தில் எப்படி முழிப்பது?

"அப்ப மூணாவது வழியா?" என்றேன்.

"நான் மட்டும் எப்படீங்க்கா சொல்றது? இருங்க, கேக்கறேன்."

அந்தப் பதினெட்டு பேரும் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்தார்கள். பெமா விஷயத்தைச் சொன்னார். ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒரு அம்மா பலமாகத் தலையை ஆட்டினார், கிடைத்ததை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள் என்கிறார் என்று கை அசைவிலேயே தெரிந்தது. ஹோட்டல் யூனிஃபார்மோடு நேராக வந்திருந்த ஒருவர் அவருக்குப் பதில் சொன்னார். அந்த அம்மா விடவில்லை. நாய்ப் பூங்காக்காரர்கள் காபியோடு இவர்களைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் கை தூக்கினார்கள். பெமா எண்ணினார், இரண்டாவது தடவையும் எண்ணினார்.

"பதினொண்ணுக்கு ஆறுங்க்கா. பேசிட்டு ஓட்டுக் கேக்கறோம்."

"ஒண்ணு குறையுதே?"

"ஒருத்தர் தூங்கறாருங்க" என்று தொட்டிலைக் காட்டினார். அப்போதுதான் அன்று முதல் தடவையாகச் சிரித்தார். எதிர்த்துப் பேசிய அந்த அம்மா எழுந்து ஏப்ரனைத் தட்டிவிட்டு, முதல் ஆளாகப் பெமாவுக்குப் பின்னால் வந்து வரிசையில் நின்றார்.

மூன்று நிமிஷம் பாக்கி. மேயரிடம் போனேன். அவர் முன்னாள் கணக்கு டீச்சர். நகர வழக்கறிஞரும் கூட நின்றார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர்களை எட்டு மணிக்கு வரச் சொன்னது நான், விவாதம் வேண்டாம் என்று பட்டியலில் செருகியதும் நான், இப்போது அவர்கள் பேசிவிட்டு ஓட்டைச் சந்திக்க விரும்புகிறார்கள். ஆக்டிங் வேலை போகும், பழைய வேலையும் போனாலும் போகும் என்று நினைத்தேன். அந்த மாதம்தான் வீட்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தோம்.

மேயர் கண்ணாடியைக் கழற்றினார். "ஐந்துக்குப் பூஜ்யமாகப் பாஸ் ஆனதை நான் திரும்பப் பிரிக்க வேண்டும் என்கிறாய்?"

"அவர்கள் கேட்கிறார்கள்."

"தோற்றால்?"

"தெரிந்துதான் கேட்கிறார்கள்."

அவர் வழக்கறிஞரைப் பார்த்தார். வழக்கறிஞர் முறைப்படி செய்யலாம் என்று தோளைக் குலுக்கினார். மேயர் என்னைப் பார்த்து, "விடை சரியாக இருந்தாலும் நடுவில் ஸ்டெப் போடாத பிள்ளைக்கு நான் முழு மார்க் கொடுத்ததே கிடையாது. உனக்கு இன்னும் குறைவு, நீ ஸ்டெப்பை ஒளித்து வைத்திருக்கிறாய்" என்றார். பிறகு மேடைக்குப் போய், கிளார்க் ஆபீஸின் தவறால் பேச வந்தவர்களுக்கு வாய்ப்பு மறுக்கப்பட்டது என்று மைக்கில் சொல்லி, மறுபரிசீலனை கோரினார். அந்த வரியை மினிட்ஸில் நானே எழுதினேன். என் தப்பை என் கையெழுத்தில்.

டைல்ஸ்காரர் பட்டியலைப் புரட்டினார். "நான் இதற்கு ஆமாம் சொன்னேனா?" என்றார். அரங்கில் ஒரே சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். அது எனக்கு வேண்டியதுதான்.

பெமா மைக் முன்னால் நின்றார். டைமர் என் கையில். பச்சை விளக்கு. எழுதி வைத்ததை ஆங்கிலத்தில் ஒரு சொல் விடாமல் படித்தார். இந்தியாவுக்கு அகதிகளாக வந்த அப்பாவும் அம்மாவும் மலைப்பாதை போடக் கல் உடைத்த இடத்தில், சாலையோரக் கூடாரத்தில் பிறந்தது. பார்க்காத ஒரு ஊரைத் தன் ஊர் என்று சொல்லக் கற்றுக்கொண்டது. அங்கே இருக்கும் மாமாவுக்குக் கடிதம் எழுதினால் அவருக்குத் தொந்தரவு வரும் என்று எழுதாமலே இருந்துவிட்டது. மஞ்சள் விளக்கு. "எங்கள் ஊரில் என்ன நடக்க வேண்டும் என்பதை" என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கினார். சிவப்பு விளக்கு.

மணியை அழுத்துவது என் வேலை. நாய்ப் பூங்காக்காரர்கள் எல்லோருக்கும் அழுத்தினேன். ஒரு பத்து விநாடி விட்டால் யாருக்கும் தெரியாது. இந்த ஊரில் பெமாவுக்கு வேண்டியவள் நான். ஆனால் அன்று சாயந்திரம் ஒரு தடவை சலுகை காட்டி, விளைவைக் கண்ணால் பார்த்தாகிவிட்டது. மணியை அழுத்தினேன்.

பெமா அந்தச் சொல்லோடு நிறுத்தினார். என்னைப் பார்த்துக் கோபப்படவில்லை, காகிதத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். அடுத்து வந்தது காரிடாரில் எதிர்த்துப் பேசிய அந்த அம்மா. தன் காகிதத்தை இன்னும் பிரிக்கவில்லை. பெமாவின் கையிலிருந்த காகிதத்தை வாங்கி, விரல் வைத்துத் தேடி, திக்கித் திக்கி வாசித்தார்: "நாங்களே முடிவு செய்ய வேண்டும்." அதன் பிறகு தன் காகிதத்தைப் பிரித்தார். நான் டைமரைப் போட மறந்துவிட்டேன். மேயர் தொண்டையைக் கனைத்த பிறகுதான் போட்டேன்.

ஐந்து பேரும் பேசி முடித்ததும் டைல்ஸ்காரர் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். "ரோட்டில் குழி விழுந்தால் அடைப்பது எங்கள் வேலை. உலகத்தின் அந்தக் கோடியில் இருக்கும் விஷயத்தில் இந்தச் சின்ன ஊருக்கு என்ன வேலை?"

பெமா மைக்குக்குத் திரும்பி வந்தார். இது காகிதத்தில் இல்லாத பதில்.

"சார், நான் பிறந்ததிலிருந்து ஆபீஸ் ஆபீஸாக வரிசையில் நின்றிருக்கிறேன். எல்லா வரிசையிலும் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன், இங்கே இருந்துகொள்ளலாமா என்று. இந்த ஊரில் நான் சாக்கடை வரி கட்டுகிறேன். இங்கே இருக்கலாமா என்று இங்கே கேட்க வேண்டியதில்லை. அதனால் முதல் தடவையாக ஒரு ஆபீஸுக்கு வந்து வேறு ஒன்றைக் கேட்கிறேன். பெரிய ஆபீஸ்களில் யார் முகமும் தெரியாது. இங்கே நீங்கள் என் முகத்தைப் பார்த்து ஆமாம் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம்."

மேயர் பெயர் சொல்லி ஓட்டெடுக்கச் சொன்னார். கூப்பிடுவது நான். லைப்ரரி அம்மா, ஆமாம். டைல்ஸ்காரர் மைக்கை இழுத்துக்கொண்டு, "உங்கள் மேல் எனக்கு மரியாதை இருக்கிறது. ஆனால் நகரங்கள் வெளிநாட்டு விவகாரத்தில் இறங்கக் கூடாது என்பது என் எண்ணம். என் வியாபாரமும் அங்கேதான் இருக்கிறது, அதையும் மறைக்க விரும்பவில்லை. இல்லை" என்றார். பக்கத்து சீட், இல்லை. எதிர்ப்பு இரண்டு, ஆதரவு ஒன்று. அடுத்தது சாய்கிறவர். அவர் பேனாவை மூடினார், திறந்தார், மூடினார். பின்வரிசையில் அந்தக் குழந்தை முழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. கடைசியாகப் பேசியது அந்தக் குழந்தைதான் என்று நாங்கள் ஆபீஸில் வெகுநாள் சொல்லிச் சிரித்தோம். அவர் ஆமாம் என்றார். மேயர், ஆமாம்.

மூன்றுக்கு இரண்டு. நாய்ப் பூங்காக்காரர்கள்கூடக் கை தட்டினார்கள், சங்கிலி கட்சியும் சங்கிலி வேண்டாம் கட்சியும் சேர்ந்து. மார்ச் பத்தாம் தேதி கொடி ஏறியது. ஆபீஸ் முழுக்க அவர்கள் அவித்துக் கொண்டுவந்த மோமோ மணத்தது. நான் ஒன்பது சாப்பிட்டேன். என் மேலதிகாரி திரும்பி வந்து மினிட்ஸைப் படித்துவிட்டு, எனக்கு எழுத்து மூலமாக ஒரு எச்சரிக்கை கொடுத்தார். அது என் ஃபைலில் கடைசிவரை இருந்தது. நியாயமான எச்சரிக்கைதான்.

நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது ஓட்டெடுத்ததற்கு மறுநாள் காலையில் நடந்தது. கவுன்டர் திறந்ததும் பெமா வந்தார். தீர்மானத்தின் முத்திரை போட்ட நகல் வேண்டும் என்றார். எனக்கு அவரை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது. மினிட்ஸில் இரண்டு ஓட்டுமே இருந்தன, ஏழு மணிக்கு நடந்த ஐந்துக்குப் பூஜ்யம், பிறகு நடந்த மூன்றுக்கு இரண்டு. அவரைச் சந்தோஷப்படுத்த, "தீர்மானத்த மட்டும் தரட்டுமா? அதுல ஓட்டு எத்தனைன்னு வராது. பாக்கறவங்களுக்கு எல்லாருமே ஆதரிச்ச மாதிரி இருக்கும்" என்றேன். பாருங்கள், எச்சரிக்கைக் கடிதம் வருவதற்கு முன்பே மறுபடியும் ஆரம்பித்துவிட்டேன்.

"வேண்டாமுங்க்கா. ஓட்டுப் போட்ட பக்கமும் வேணும். இல்லைன்னு சொன்னவங்க பேரும் அதுல இருக்குதுங்களா?"

"இருக்கு. அது எதுக்கு பெமா?"

"எங்களப் பத்தி எல்லாத்தையும் நாங்க இல்லாத எடத்துலதானுங்க்கா முடிவு பண்ணியிருக்காங்க. நல்லதும் அப்படித்தான், கெட்டதும் அப்படித்தான். நேத்துதான் ரெண்டு பேரு எங்க மூஞ்சியப் பாத்து, காரணஞ் சொல்லி, இல்லைன்னாங்க. அந்தப் பக்கத்த விட்டுட்டுப் போக முடியுமுங்களா?"

நல்லதும் அப்படித்தான் என்றபோது அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. அவர் சுபாவம் அதில்லை. ஆனாலும் எனக்கு அது சுருக்கென்று தைத்தது. அவர்கள் கேட்க வந்ததே தங்கள் விஷயத்தைத் தாங்களே முடிவு செய்யும் உரிமையை. அதை நிறைவேற்றித் தருகிறேன் என்று நான் அவர்களைக் கேட்காமலே முடிவு செய்திருந்தேன்.

இரண்டு பக்கங்களையும் நகல் எடுத்தேன், முத்திரை குத்தினேன், கையெழுத்துப் போட்டேன். அவர் கவுன்டரிலேயே நின்று டைல்ஸ்காரர் சொன்னதை மெதுவாக எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்து முடித்ததும் காகிதத்தைச் சுருக்கம் விழாமல் பைக்குள் வைத்துக்கொண்டு, "உங்க தப்பையும் எழுதியிருக்கீங்களே அக்கா, நல்லா எழுதியிருக்கீங்க" என்றார்.